முதல் கோடு போடும்போதே எங்களையும் கூப்பிடுங்கள்

பெங்களூருவில் கட்டடங்களை வடிவமைக்கும் தமிழ் ஆர்க்கிடெக்ட் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் இந்த ஊரில் பல வருடங்களாக ஸ்ட்ரக்சுரல் டிசைன், அதாவது கட்டடம் எடையைத் தாங்கி நிற்பதற்கான கணக்கும் வடிவமைப்பும், செய்து வருகிறேன். உங்களில் பலருடைய வரைபடங்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஜெயநகர் வீடுகள், ஒயிட்ஃபீல்டு அலுவலகங்கள், ஹென்னூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள், ஓசூர் ரோட்டு ஷோரூம்கள். ஒரு சின்ன மனைக்குள் வெளிச்சத்தையும் காற்றையும் நீங்கள் கொண்டுவரும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் இதை உரிமையோடு எழுதுகிறேன். ஒரு கட்டடத்தின் முதல் யோசனை உங்கள் மனதில் உருவாகும்போதே எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பிளான் முடிந்த பிறகு வேண்டாம்.

இப்போது என்ன நடக்கிறது? கிளையன்டுக்கு த்ரீ-டி படம் காட்டியாகிவிட்டது. அவர் அதை வீட்டில் எல்லாருக்கும் அனுப்பி, ஊரில் இருக்கும் மாமனார் வரைக்கும் பார்த்துச் சரி என்று சொல்லியாகிவிட்டது. எலிவேஷன் என்ற முகப்புத் தோற்றம் முடிவாகி, மாநகராட்சிக்குப் பிளான் போய், அதற்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம் எங்களுக்கு ஃபைல் வருகிறது. கூடவே ஒரு வரி: "சார், காலம் மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க, திங்கக்கிழமை மார்க்கிங்."

காலம், அதாவது தூண், எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது, லிஃப்ட் எந்த மூலையில், ஹாலின் அகலம் எவ்வளவு, மாடிக்கு மாடி உயரம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். எங்களுக்கு மிச்சமிருப்பது பீம் என்ற குறுக்கு உத்தரத்தின் ஆழமும் கம்பியின் விட்டமும்தான். கட்டடத்தின் எடை எந்த வழியாக மண்ணுக்கு இறங்கப்போகிறது என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய முடிவு. அதை யாரும் உட்கார்ந்து எடுக்கவில்லை. சோபா எங்கே, கார் எங்கே, ஜன்னல் எங்கே என்று முடிவு செய்யும்போது அது தானாக முடிவாகிவிட்டது.

ஒரு சின்னக் கணக்கைச் சொல்கிறேன். காலேஜில் நீங்களும் படித்ததுதான். ஒரு பீம் தாங்க வேண்டிய வளைவு விசை, அதன் நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அது தொய்யும் அளவோ நான்கு மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 6 மீட்டர் இடைவெளியை 9 மீட்டர் ஆக்கினால் நீளம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் அதே பீமில் அதே எடை பரவியிருந்தால் வளைவு விசை இரண்டே கால் மடங்கு, தொய்வு ஐந்து மடங்கு. பிளானில் ஒரு காலத்தை அழிக்க உங்களுக்கு ஒரு நொடி போதும். அந்த நொடியில் நடப்பது இது. 9 மீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த 9 மீட்டர் உண்மையிலேயே எதற்காக வேண்டும் என்று இருவரும் பேசிவிட்டு முடிவு செய்வோம் என்கிறேன். சில இடங்களில் அது அந்தக் கட்டடத்தின் உயிராகவே இருக்கும். அங்கே எவ்வளவு கம்பி போனாலும் தகும். வேறு சில இடங்களில் அந்தக் காலம் ஒரு அலமாரிக்குப் பின்னால் மறைந்திருக்கும், யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நம் ஊரில் அதிகம் வருவது 30-க்கு 40, 40-க்கு 60 அடி மனைகள்தான். கீழே காலங்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று நான்கு மாடி. கார் திரும்ப வேண்டும், இரண்டு கார் அருகருகே நிற்க வேண்டும். மேலே படுக்கையறையின் மூலையில் காலம் தெரியக்கூடாது, 8 அங்குல பிளாக் சுவருக்குள் மறைய வேண்டும். கீழேயும் மேலேயும் தேவை வேறு வேறு. அதனால் மேலே இருக்கும் காலம் கீழே இறங்காமல் ஒரு பீமின் மேல் நிற்கிறது. ஃப்ளோட்டிங் காலம். உங்கள் வரைபடத்தில் அது ஒரு சின்னக் கறுப்புச் சதுரம். சைட்டில் அது, நாலு மாடி எடையை வாங்கி வேறு திசைக்குத் திருப்பிவிடும் ஒரு பெரிய பீம்.

2001-இல் குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் விழுந்தன. நிலநடுக்க மையம் இருந்த பூஜ் பகுதியிலிருந்து அந்த நகரம் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. விழுந்தவற்றில் நிறையக் கட்டடங்கள் கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் காலங்கள் மட்டும் நின்றவை. மேலே சுவர்களால் இறுகிய மாடிகள், கீழே மெலிந்த கால்கள். மொத்த ஆட்டமும் அந்த ஒரு தளத்தில் வந்து குவிந்துவிட்டது. இந்திய நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பும் பக்கவாட்டு விசையைத் தாங்கும் அமைப்பில் ஃப்ளோட்டிங் காலம் கூடாது என்றே சொல்கிறது. "பெங்களூரு நிலநடுக்க மண்டலம் இரண்டுதானே சார்" என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தப் பதிப்பின்படி உண்மைதான், இங்கே ஆபத்து குறைவு. ஆனால் ஆபத்து இல்லவே இல்லை என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதோடு நீங்கள் இதே பிளானைத்தான் சென்னையில் இருக்கும் கிளையன்டுக்கும் கொண்டுபோகிறீர்கள். சென்னை மண்டலம் மூன்று. காற்றோ இன்னும் மோசம். காற்று விசைக்கான விதியான ஐ.எஸ். 875-இல் பெங்களூருவின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே கட்டடத்தை அங்கே காற்று இரண்டே கால் மடங்குக்கும் அதிகமாகத் தள்ளும். வரைபடத்தின் தலைப்பில் ஊர்ப்பெயரை மாற்றினால் போதாது.

ஸ்டில்ட் பார்க்கிங்கை நான் எதிர்க்கவில்லை, இந்த ஊரில் அது இல்லாமல் முடியாது என்று எனக்கும் தெரியும். வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். முதலில் கீழ்த்தளத்தில் கார்களை நிறுத்திப் பார்ப்போம். கார்களுக்கு நடுவே காலங்கள் எங்கே நிற்க முடியும் என்று பார்ப்போம். அந்தப் புள்ளிகளை மேலே கொண்டுபோய், அவற்றைச் சுற்றி அறைகளை வையுங்கள். படிக்கட்டையும் லிஃப்டையும் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதை அஸ்திவாரம் வரை நேராக இறக்கினால் கீழ்த்தளத்துக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். இதற்கு அரை நாள் போதும். எலிவேஷன் முடிவான பிறகு இதே வேலைக்கு அரை மாதம் போதாது.

சைட்டில் நான் மதிக்கும் ஒரு கேள்வி உண்டு. இந்த ஊரில் கம்பி கட்டும் வேலையில் திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். இப்போது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நிறையப் பேர் வந்துவிட்டாலும், பழைய மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். வரைபடத்தை விரித்து வைத்ததும் அவர்கள் கேட்பது: "இந்த பீம் எங்க சார் உக்காருது?" அவ்வளவுதான். பீம் எங்கே உட்காருகிறது, அது உட்காரும் இடம் எதன் மேல் நிற்கிறது என்று மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் மண் வரைக்கும் வந்துவிடலாம். ஸ்டுடியோவில் முதல் ஸ்கெட்ச் போடும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். சென்ட்ரிங் அடித்து முடித்த பிறகு அதைக் கேட்க வேண்டிய நிலை மேஸ்திரிக்கு வரக்கூடாது.

ஒரு கல்யாண மண்டபத்தின் கதையைச் சொல்ல வேண்டும். எந்த இடம், யாருடையது என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. கீழே 18 மீட்டர் அகலத்தில் காலமே இல்லாத ஹால். மேலே மூன்று மாடி விருந்தினர் அறைகள். எல்லாப் பிளானும் முடிந்த பிறகு என்னிடம் வந்தது. ஹாலின் மேல் 18 மீட்டருக்குக் குறுக்கே பெரிய பெரிய டிரான்ஸ்ஃபர் பீம்கள், அவற்றின் மேல் அறைகளின் காலங்கள். பீமின் ஆழம் 2 மீட்டர் வந்தது.

"ரெண்டு மீட்டரா? சார், ஹால் சீலிங் எங்க போகும்? மணமேடைக்கு மேல ஒண்ணுமே இருக்காதே" என்றார் அந்த ஆர்க்கிடெக்ட். இளம் பெண், நல்ல ரசனை உள்ளவர்.

"மேடம், மேலே அறைகளுக்கு நடுவுல சுவர் வருதில்ல? அது எவ்ளோ உயரம்?"

"மூணு மீட்டர். ஏன்?"

"அந்தச் சுவரையே பீமா ஆக்கிட்டா?"

அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். அறைகளுக்கு நடுவே சுவர் எப்படியும் வரத்தான் போகிறது. அதைப் பிளாக்கில் கட்டாமல் கான்கிரீட்டில் வார்த்தால், 18 மீட்டர் அகலத்தைத் தாண்ட 3 மீட்டர் ஆழமுள்ள பீம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மாடியும் தன் சுவரின் மூலம் இரண்டு ஓரத்துக்கும் எடையைக் கொண்டுபோய்விடும். ஹாலின் மேல் 2 மீட்டர் பீம் தேவையில்லை, தளத்தின் தடிமன் மட்டும்தான். அப்படியானால் ஒரு அறையிலிருந்து வெளியே வந்து நடப்பது எப்படி? சுவரில் எங்காவது வழி விட வேண்டும். இதே எண்ணம் 1960-களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இரும்பு டிரஸ்களாக, அதாவது இரும்பு உறுப்புகளைப் பின்னிய சட்டங்களாக, உருவானது. மாடி உயரத்துக்கு ஒரு டிரஸ், ஒரு மாடி விட்டு ஒரு மாடியில் இடம் மாற்றி வைப்பார்கள். நடைபாதை டிரஸின் நடுவில் போகும். நடுவில் ஏன்? எடை சீராகப் பரவியிருக்கும் பீமில், அதைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டு விசை ஓரங்களில் அதிகம், நடுவில் கிட்டத்தட்டப் பூஜ்யம். அங்கே ஓட்டை போட்டால் பீம் கோபித்துக்கொள்ளாது. மேலேயும் கீழேயும் இருக்கும் தளங்கள் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த மண்டபத்தின் பிளானில் நடைபாதை ஓரத்தில் இருந்தது. அதாவது வெட்டு விசை உச்சத்தில் இருக்கும் இடத்தில். அதை நடுவுக்கு நகர்த்தி இரண்டு பக்கமும் அறை வைக்க வேண்டும். கீழ்த்தளம் காலியாகவும் மேலே சுவர்களால் இறுகியும் இருப்பது நிலநடுக்கத்துக்கு ஆகாத சேர்க்கை என்பதால், இரண்டு படிக்கட்டுகளையும் ஹாலின் இரு முனைக்குக் கொண்டுபோய், அவற்றின் கான்கிரீட் சுவர்களை அடியிலிருந்து மொட்டைமாடி வரை ஏற்ற வேண்டும். இரண்டும் முடியக்கூடிய விஷயங்கள். உண்மையில் பிளான் அதனால் இன்னும் நன்றாகவே வந்தது, கூட்டம் வெளியேற இரு பக்கமும் படிக்கட்டு கிடைத்தது. அவர் என் மேஜையிலேயே பட்டர் பேப்பரில் வரைந்து காட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அது கட்டப்படவில்லை. படங்கள் கிளையன்டிடம் போய்விட்டன, பிளான் அனுமதிக்குப் போய்விட்டது, நடைபாதை ஓரத்தில் இருந்தால்தான் பால்கனி மாதிரி இருக்கும் என்று உரிமையாளர் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் 2 மீட்டர் பீம்கள்தான். ஹாலின் உயரம் குறைந்தது, அந்தக் குறையை மறைக்க ஜிப்ஸம் சீலிங்கும் விளக்குகளும் வந்தன. தேவைக்கு மேல் கான்கிரீட், தேவைக்கு மேல் கம்பி. கட்டடம் பத்திரமாக நிற்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைவிட அழகான, மலிவான, பாதுகாப்பான கட்டடம் ஒன்று அந்த மேஜையில் இருந்தது. இரண்டு மாதம் முன்பு பேசியிருந்தால் அதுதான் இன்று நின்றிருக்கும். இதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

பெரிய உதாரணங்களுக்கும் நாம் ரொம்பத் தூரம் போக வேண்டாம். தில்லி பிரகதி மைதானத்தில் 1972-இல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ். சுதந்திரத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி நடந்த பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. ஆர்க்கிடெக்ட் ராஜ் ரேவால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மகேந்திர ராஜ். கிட்டத்தட்ட 73 மீட்டர் அகலத்துக்கு நடுவில் ஒரு காலம் கூட இல்லை. வெளிநாடுகளில் இது மாதிரிக் கூரைக்கு ஸ்பேஸ் ஃப்ரேம் என்ற முக்கோண வலையை இரும்புக் குழாய்களில் செய்வார்கள். அன்றைய இந்தியாவில் அது கட்டுப்படியாகவில்லை. கான்கிரீட்டும் தச்சு வேலை தெரிந்த கைகளும் நிறைய இருந்தன. அதனால் அந்த முக்கோண வலையை அங்கேயே, கை உழைப்பில், கான்கிரீட்டில் வார்த்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் படத்தை எடுத்துப் பாருங்கள். அந்த வலையே கூரை, அந்த வலையே சுவர். அதன் ஆழமே வெயிலைத் தடுக்கிறது. நம் பழைய கட்டடங்களில் துளைகளோடு இருக்கும் ஜாலித் தடுப்புகள் செய்த வேலையை எடை தாங்கும் உறுப்புகளே செய்துவிடுகின்றன. இதில் எது ஆர்க்கிடெக்டின் யோசனை, எது இன்ஜினியரின் யோசனை என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ஒருவர் வரைந்து முடித்து இன்னொருவரிடம் "காலம் பார்த்துக் கொடுங்க" என்று அனுப்பி வைத்தால் இப்படி ஒன்று பிறக்காது. 2017 ஏப்ரலில் அதை இடித்துத் தள்ளினார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. நாட்டின் கட்டடக் கலைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை உங்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

மகேந்திர ராஜ் இளம் வயதில் சண்டிகரில் ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியேயின் உயர்நீதிமன்ற, தலைமைச் செயலகக் கட்டடங்களில் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் படித்து, அங்கே வேலையும் பார்த்துவிட்டு 1960 வாக்கில் திரும்பி வந்தார். ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷியோடு அகமதாபாத்தில் தாகூர் ஹால், ஆர்க்கிடெக்ட் குல்தீப் சிங்கோடு தில்லியில் தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகத்தின் (என்.சி.டி.சி.) கட்டடம் என்று அவர் கை பட்டவை நிறைய. 2022-இல் காலமானார். நம் நாட்டின் பெரிய ஆர்க்கிடெக்டுகள் ஒருவர் பின் ஒருவராக அவரையே தேடிப் போனார்கள். கணக்கு போட ஆள் கிடைக்காமலா போனார்கள்? யோசனை பிறக்கும் இடத்தில் கூட உட்கார ஒருவர் வேண்டும் என்றுதான் போனார்கள்.

பேச்சு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி ஆப்பரா ஹவுஸ் சாட்சி. 1957-இல் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சோனின் வரைபடம் போட்டியில் வென்றபோது, அதன் கூரையான சிப்பி போன்ற ஓடுகளுக்கு வரையறுத்த ஜியோமெட்ரியே கிடையாது, கையால் வரைந்த அழகான வளைவுகள் மட்டும்தான். இன்ஜினியர் ஓவ் அரூப்பின் அலுவலகம் வருடக்கணக்கில் ஒவ்வொரு வடிவமாக முயன்று பார்த்தது. அதற்குள் அரசின் அவசரத்தால் 1959-இலேயே அடித்தளம் தொடங்கிவிட்டது. பிறகு ஓடுகளின் எடை தெரிந்தபோது, ஏற்கெனவே எழுப்பிய தூண்கள் போதவில்லை, அவற்றை இடித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 1961 வாக்கில்தான் விடை கிடைத்தது. எல்லா ஓடுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுப்பது. அப்படியானால் எல்லா விலாக்களும் ஒரே வளைவு, ஒரே அச்சில் வார்க்கலாம். 1966-இல் உட்சோன் மனம் நொந்து விலகினார், கட்டடம் 1973-இல்தான் திறந்தது. அந்தக் கனவைக் குறைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோளத்தைத் தேடும் பேச்சு, மண் தோண்டுவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும்.

நம் ஊரின் பழைய வீடுகளில் இந்தப் பிரிவே இருந்ததில்லை. காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், பசவனகுடி பக்கம் இன்னும் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். தேக்கு உத்தரங்களை நெருக்கமாக வைத்து, மேலே செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் இறுக்கிய கூரை. உத்தரம் எவ்வளவு நீளம் தாங்குமோ அதுதான் அறையின் அகலம். அறையின் அளவும் கூரையின் அளவும் ஒரே மனதிலிருந்து வந்தவை. அந்த அறைகளில் நிற்கும்போது நமக்கு ஒரு நிதானம் தோன்றுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிஃப்டையும் படிக்கட்டையும் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தால், கட்டடத்தின் விறைப்பு அந்த மூலைக்குப் போய்விடுகிறது, எடை நடுவிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் தள்ளும்போது கட்டடம் முறுக்கிக்கொள்ளும். அது எதிர் மூலைக் காலங்களைத்தான் பதம் பார்க்கும். ஏ.சி. குழாயும் கழிவுநீர்க் குழாயும் எங்கே இறங்கும் என்று தெரிந்தால் பீமை அதற்கு ஏற்ற மாதிரி வைக்கலாம், பின்னால் வந்து துளை போட வேண்டியதில்லை. மண் விஷயம் தனி. இந்த ஊரின் செம்மண் பொதுவாக நல்ல மண் என்ற தைரியத்தில் நாம் இருக்கிறோம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு தர்மாம்புதி ஏரியின் மேல் நிற்கிறது, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியின் மேல். அப்படித் தூர்த்த ஏரிகளும் கால்வாய்களும் ஊர் முழுக்க இருக்கின்றன. மண் பரிசோதனை அறிக்கையை முதல் ஸ்கெட்சுக்கு முன்னால் கையில் வைத்துக்கொண்டால், பேஸ்மென்ட் வேண்டுமா என்ற கேள்விக்கே வேறு பதில் வரலாம்.

எங்கள் ஆட்களிடமும் நான் ஒன்று கேட்கிறேன், இந்த மடல் அவர்கள் கண்ணிலும் படும் என்பதால். முதல் சந்திப்புக்கு லேப்டாப்பில் ஈடாப்ஸ் என்ற கணக்கு மென்பொருளைத் திறந்துகொண்டு போகாதீர்கள். அந்த நேரத்தில் மாடல் தேவையில்லை, பென்சில் போதும். "முடியாது" என்பது முதல் வார்த்தையாக இருக்கக்கூடாது. ஒரு ஆர்க்கிடெக்ட் 5 மீட்டர் கேன்டிலீவர், அதாவது ஒரு முனையில் மட்டும் பிடிமானத்தோடு வெளியே நீளும் தளம், கேட்டால், அந்த முனையில் நிற்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்று கேளுங்கள். ஒரு மரத்தைப் பார்க்க என்றால், ஓரத்தில் மெல்லிய இரும்புத் தூண் மரத்தோடு மரமாக மறைந்துவிடலாம். கீழே வண்டி போக வழி வேண்டும் என்றால் அது வேறு கதை, அங்கே கேன்டிலீவருக்குப் பின்னால் அதைப் பிடித்து இழுக்க எவ்வளவு நீளம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வழிகளை வரைந்து, ஒவ்வொன்றும் எதைக் கொடுக்கிறது, எதைக் கேட்கிறது என்று சொல்லுங்கள். தேர்ந்தெடுப்பது அவர்கள் உரிமை.

பணத்தையும் பேசத்தான் வேண்டும். உங்களுக்கு 1972-இன் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டமும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரும் இருக்கின்றன. எங்களுக்கு அப்படி நாடு முழுக்க ஒரு சட்டம் இல்லை. கிளையன்டின் வீட்டுக் கதவு முதலில் உங்களுக்குத்தான் திறக்கிறது, நீங்கள் அழைத்துப் போனால்தான் நாங்கள் உள்ளே வர முடியும். எங்கள் கூலியோ சதுர அடிக்கு இவ்வளவு என்று கடைசி வரைபடத்துக்குக் கணக்கிடப்படுகிறது. யோசனை செய்யும் கட்டத்துக்கு அதில் இடமே இல்லை. அதனால் யாரும் அதில் நேரம் செலவிட விரும்புவதில்லை, குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்பவருக்கு வேலை போகிறது. உங்கள் புரொப்போசலில் கருத்து வடிவமைப்புக் கட்டத்துக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கூலியைத் தனி வரியாகப் போடுங்கள். கிளையன்ட் கேட்டால் மண்டபத்தின் கதையைச் சொல்லுங்கள். சில மணி நேரப் பேச்சுக்கான கூலி, 2 மீட்டர் ஆழமுள்ள ஒரு பீமின் விலைக்குப் பக்கத்தில் கூட வராது என்று அவருக்குப் புரியும். அந்தக் கட்டத்தில் நான் சொன்ன வழி உங்களுக்குப் பிடிக்காமல், முழு வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. பேச்சு நடந்திருக்கும், அதற்குரிய கூலியும் வந்திருக்கும்.

இதை ஒரு பழக்கமாகத் தொடங்க ஒரு வழி சொல்கிறேன். அல்சூர் ஏரிக்கரையில் நம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதைச் சுற்றி வேலை பார்க்கும் ஆர்க்கிடெக்டுகளும் இன்ஜினியர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அங்கேயோ யாராவது ஒருவருடைய அலுவலகத்திலோ, உட்காரலாம். முடிந்த கட்டடத்தின் புகைப்படங்களைக் காட்டும் கூட்டம் வேண்டாம், அது நிறையவே நடக்கிறது. இன்னும் வரையாத ஒரு வேலையோடு ஒருவர் வரட்டும். மனையின் அளவு, மண் அறிக்கை, கிளையன்ட் கேட்பது என்ன, தனக்குள் ஓடும் ஆசை என்ன, இவ்வளவு போதும். கிளையன்டின் பெயர் தேவையில்லை. மீதிப் பேர் அதில் எடை எப்படி இறங்கும் என்று வரைந்து பார்க்கட்டும். படித்து முடித்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், இரு பக்கத்திலிருந்தும். அவர்களில் நிறையப் பேர் மற்ற பக்கத்து ஆளிடம் மெயிலில் தவிர வேறு எப்படியும் பேசியதே இல்லை. முடிந்தால் ஒரு மேஸ்திரியையும் அழைப்போம். சென்ட்ரிங் எப்படி வரும், கம்பி எங்கே நெருக்கும், கான்கிரீட் எங்கே உள்ளே போகாது என்று அவர் சொல்வதை ஸ்கெட்ச் கட்டத்திலேயே கேட்பது இரண்டு தரப்புக்கும் நல்லது.

அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். இப்போது உங்கள் கையில் ஏதாவது ஒரு வேலை ஆரம்ப நிலையில் இருக்கும். கிளையன்டிடம் முதல் படத்தைக் காட்டும் தேதி என்றைக்கு என்று பாருங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால், உங்களோடு வேலை பார்க்கும் இன்ஜினியர் யாரோ அவரைக் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டரில் வரைந்த கேட் (CAD) ஃபைல் அனுப்ப வேண்டாம், 1-க்கு 200 அளவில் கையால் போட்ட பிளானும் ஒரு குறுக்குவெட்டும் போதும். குறுக்குவெட்டு கட்டாயம் வேண்டும், எடை இறங்கும் வழி அதில்தான் தெரியும்.

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்